காய்ச்சலின் முதல் நாளும் சம்பள நாளே

ஜெர்மனியில் உடம்புக்கு முடியாமல் விடுப்பு எடுக்கும் தொழிலாளிக்கு முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம் உண்டு. ஆறு வாரம் வரை அதை முதலாளி தர வேண்டும். அதற்குமேலும் எழுந்திருக்க முடியாதவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டு நிதியம் சம்பளத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் வழங்கும்.

இந்த முதல் நாள் சம்பளத்தை நிறுத்தலாம் என்று 2025 ஜனவரியில் அலையன்ஸ் காப்பீட்டு நிறுவனத் தலைவர் ஆலிவர் பேட்டே யோசனை சொன்னார். ஜெர்மானியர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 20 நாள் நோய் விடுப்பில் போகிறார்கள் என்பது அவரது வாதம்.

ஆனால் விடுப்புக் கணக்கு உயர்ந்ததற்கு நோய் மட்டும் காரணமல்ல. முன்பு மருத்துவச் சான்றைத் தொழிலாளிதான் காப்பீட்டு நிதியத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது; அனுப்பாமல் விட்டவர்கள் ஏராளம். 2021 அக்டோபரிலிருந்து டாக்டர்களே மின்வழியில் அனுப்பத் தொடங்கினார்கள். பதிவாகாமல் போன விடுப்புகளும் அதன்பிறகு கணக்கில் ஏறின.

முதல் நாளிலிருந்தே சம்பளம் என்ற இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1950களில் அலுவலக ஊழியருக்கு ஆறு வாரம் முழுச் சம்பளம் கிடைத்தது. பட்டறைத் தொழிலாளிக்கோ முதல் மூன்று நாள் ஒரு காசு கிடையாது. 1956 அக்டோபர் 24 அன்று, கீல் நகரக் கப்பல் கட்டும் தளங்கள் உள்ளிட்ட ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில ஆலைகளில் உலோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், கடுங்குளிரில், 114 நாள். மறு ஆண்டே சட்டம் ஓரளவு இறங்கிவந்தது. அலுவலகமும் பட்டறையும் சமமானது 1970இல்தான்.

1996இல் ஹெல்முட் கோல் அரசு நோய்க்காலச் சம்பளத்தை 80 சதவீதமாகக் குறைத்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்து வந்த ஷ்ரோடர் அரசு 1999இல் முழுச் சம்பளத்தை மீட்டுக்கொடுத்தது.

சிறு நிறுவனங்கள் தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. 30 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்கள் ஒரு பொது நிதியில் பணம் கட்டுகின்றன; நோய்க்காலச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை அதிலிருந்து திரும்பக் கிடைக்கும்.

முதல் நாள் சம்பளம் போனால் யார் வேலைக்கு வருவார்? 2025இல் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. முதியோர் இல்லத்தில் எட்டு மணி நேரம் பணிபுரியும் உதவியாளருக்கு அந்தக் கணக்கில் பார்த்தாலே ஒருநாள் இழப்பு நூறு யூரோவைத் தாண்டும். வீட்டு வாடகையை நினைத்து, காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு, எண்பது வயதுப் பாட்டிக்குச் சோறூட்ட அவர் வந்து நிற்பார். நிறுவனத்துக்கு மிச்சமாகும் அந்த நூறு யூரோவுக்கு விலை கொடுப்பவர் அந்தப் பாட்டி.

மேலாளருக்கு ஒருநாள் சம்பளம் பெரிதல்ல. உதவியாளருக்கு அது வாரச் செலவு. இந்த யோசனையை ஜெர்மன் அரசு ஐயத்துக்கு இடமின்றி நிராகரிக்க வேண்டும்.