இணையத்தில் நூலகங்கள்: சிப்பிகாட்டை எட்டுமா?

புது தில்லி: 2004 ஆழிப்பேரலையின்போது, அந்தமானில் ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) அருகேயுள்ள சிப்பிகாட்டில் விளைநிலங்களைக் கடல்நீர் சூழ்ந்தது. அத்தகைய உவர்நிலம் குறித்த ஆய்வுகளைப் படிக்க, தீவு மாணவர் இனி வங்கக் கடலைக் கடக்க வேண்டுமா?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் அந்தமானை இணைத்தது. 2024 நவம்பரில் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள்.

எனினும், இந்தப் பயன் அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கே உரியது. சிப்பிகாட் விவசாயிக்கோ, தனியார் கல்லூரி மாணவருக்கோ இக்கதவு திறக்காது.

அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருப்பது, காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் பராமரிக்கும் 'சோத்கங்கா' ஆய்வேட்டுக் களஞ்சியம்தான். ஆய்வேடுகளை மின்வடிவில் அளிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதியாக்கியது. அதற்கு முந்தைய ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றுவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முனைப்பைப் பொறுத்தது.

உள்ளூர் மண்ணையும் கடலையும் அதிகம் பேசுபவை அந்த ஆய்வேடுகளே. சந்தாவுக்குக் காலக்கெடு உண்டு. சொந்தக் களஞ்சியத்துக்கு இல்லை. அயல்நாட்டு இதழ்களுக்குக் கோடிகளை ஒதுக்கும் அரசு, நூலக அலமாரிகளில் உறங்கும் நம் ஆய்வுகளை மின்னுருவாக்கவும் உரிய நிதி ஒதுக்க வேண்டும்.