முளைகட்டிய கேழ்வரகு மாவு: முளைத்தால் மட்டும் போதாது, காயணும்!

6 மாதம் முடிந்து குழந்தைக்கு இணை உணவு ஆரம்பிக்கும் வீடுகளில், கேழ்வரகை முளைகட்டி அரைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால், முளை வந்ததும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். கவனம் தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான்.

கல், மண் போக அரித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவி, கேழ்வரகை இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நீரை ஒட்ட வடித்து, ஈரமான பருத்தித் துணியில் கட்டிவையுங்கள். வெயில் காலத்தில் ஒரே நாளில் முளை எட்டிப்பார்க்கும். மார்கழிக் குளிரில் இரண்டு நாள்கூட ஆகலாம். வெள்ளை முனை தெரிந்தாலே போதும், பச்சைப்பயறு போல நீள வேண்டியதில்லை. புளித்த வாடை அடித்தாலோ, தொட்டால் வழவழத்தாலோ, 'வீணாகிறதே' என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

அடுத்து, துணியில் மெல்லியதாகப் பரப்பிக் காயவிட வேண்டும். மணிகள் கலகலவென உதிர வேண்டும். பல்லில் கடித்தால் 'கடக்' என உடைய வேண்டும். ஈரம் மிஞ்சினால் மாவில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு, சலித்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. அடைமழை நாட்களில் இந்த வேலையை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. காய்ந்ததும் கையால் தேய்த்துப் புடைத்தால் முளைகள் உதிர்ந்துவிடும். வாசனைக்கு லேசாக வறுக்கலாம், சிவக்க விடக்கூடாது.

காரணம் இருக்கிறது. முளைக்கும்போது தானியத்தில் அமிலேஸ் என்ற நொதி அதிகமாகிறது. இது மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி கெட்டிப்படாமல் இளகும். அதே பதத்துக்குக் கூடுதல் மாவு சேர்க்கலாம். சின்ன வயிற்றுக்குள் கூடுதல் சத்து போகும். அதிகம் வறுத்தால் நொதி செயலிழந்து, இந்தப் பலன் போய்விடும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதை உடல் கிரகிக்கவிடாமல் தடுக்கும் பைட்டேட்டும் முளைகட்டும்போது குறைகிறது.

இதே முறையில் குழந்தைக்குச் சோளத்தை முளைகட்ட வேண்டாம். சோள முளையில் சயனைடை வெளியிடும் பொருள் உருவாகும்.

மில்லில் அரைப்பதானால், முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். கோதுமை என்றால், முதல் இரண்டு கை மாவைத் தனியே எடுத்துப் பெரியவர்களுக்குக் களி கிண்டிவிடலாம். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் இது போதாது. வீட்டு மிக்ஸிதான் சரி. ஒரு நேரத்தில் அரை கிலோவுக்கு மேல் அரைக்க வேண்டாம்.