ஆறாம் வகுப்பில் ஒரு சின்ன முடிவு... ஏழு வருஷக் கணக்கு!

ராத்திரி ஒன்பது மணி. அன்றைக்கான கடைசி ஸ்டோரியை அப்லோடு செய்துவிட்டு நிமிர்ந்தால், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். கும்மிடிப்பூண்டியில் இருக்கும் பெரியம்மா மகள், எனக்கு அக்கா.

“டேய் தம்பி, பாப்பா அஞ்சாவது முடிக்கப் போறா. ஆறாவதுக்கு பிரைவேட் ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியத்துல போட்டுடலாம்னு மாமா சொல்றாரு. ஃபீஸ் முப்பத்தஞ்சாயிரம், வேன் காசு தனி. மூணு வருஷம் அங்க படிக்கட்டும், ஒன்பதாவதுக்கு மறுபடியும் கவர்மென்ட் ஸ்கூலுக்கே கொண்டாந்துடலாம்ன்றாரு. நீ பத்திரிகைல இருக்கியே, இன்னா சொல்ற?”

நான் யோசிக்கவே இல்லை. “நல்ல ஸ்கூலா இருந்தா போடுக்கா” என்று பதில் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றி ஒரு சோஷியல் மீடியா கார்டு செய்யும் வேலை வந்தது. ‘6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள்...’ எத்தனையோ முறை டைப் செய்த வரிதான். ஆனால் அன்றைக்குத்தான் அந்த ‘6’ கண்ணில் குத்தியது. கார்டை அப்படியே விட்டுவிட்டு அக்காவுக்கு போன் போட்டேன்.

“டி.சி. வாங்கிட்டியாக்கா?”

“இன்னும் இல்லடா. பரீட்சை முடியட்டும்னு இருக்கேன்.”

அப்பாடா! அந்த வாரமே லீவு போட்டுவிட்டு, சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறிவிட்டேன். அங்கே பார்த்ததும் கேட்டதும்தான் இந்த வாரப் பகுதி. உங்கள் வீட்டிலும் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருந்தால், ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள்.

ஏன் இந்த ‘ஆறு’ முக்கியம்?

மாமா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர், முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் நோட்டில் எழுதிக் காட்டினேன்.

முதலாவது, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு. 2020-ல் தமிழ்நாட்டில் சட்டமாக வந்தது. நீட் எழுதித் தகுதி பெற வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால், போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும்தான். இதில் ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறார்கள். 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே 7.5 சதவிகிதம் வந்தது.

இரண்டாவது, புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ம் தேதி தொடங்கியது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என எதில் சேர்ந்தாலும், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கு வரும். பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இந்த இரண்டு உதவித்தொகையும் உண்டு. ஆனால், 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் உதவி பெறும் பள்ளி சேராது. அரசுப் பள்ளி மட்டும்தான்.

எல்லாவற்றுக்கும் நிபந்தனை ஒன்றுதான்: 6 முதல் 12 வரை, ஏழு வருஷமும். நடுவில் மூன்று வருஷம் தனியார் பள்ளிக்குப் போய்விட்டு ஒன்பதாம் வகுப்பில் திரும்பி வந்தால், கணக்கு அங்கேயே முடிந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவிகித இடத்தில் சேர்ந்து தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பாப்பா அந்த வகை இல்லை. ஃபீஸ் கட்டித்தான் சேரப் போகிறாள்.

மாமா போட்ட ‘மூணு வருஷம் அங்க, அப்புறம் இங்க’ திட்டம்தான் இருப்பதிலேயே நஷ்டமான திட்டம். அதற்குத்தான் நான் ‘போடுக்கா’ என்று சொல்லியிருந்தேன்.

மாமா கேட்டது நியாயமான கேள்வி

நோட்டைப் பார்த்த மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார். “எல்லாம் சரி மாப்ள. அது காலேஜ் போறப்ப வர்ற காசு. இந்த மூணு வருஷம் அவ ஒழுங்கா படிச்சாத்தானே காலேஜே போவா? ஆயிரம் ரூபா வரும்னு படிப்ப விட்டுட முடியுமா?”

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலையில் அக்காவோடு பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்கே கிளம்பினேன்.

அது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை ஒரே வளாகம். அதாவது, பாப்பா ஆறாவதுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. வராண்டாவில் நாலு ரூம் தள்ளிப் போனால் போதும். பெரிய பெரிய பள்ளிகளுக்குக் கிடைக்கும் வெளிச்சம் நடுநிலைப் பள்ளிகளுக்குக் கிடைப்பதில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட், பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் என்று செய்தி போடும் நாங்களும் ஆறு, ஏழு, எட்டைப் பற்றி எழுதுவது குறைவு. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆறு, ஏழு, எட்டில் என்னதான் நடக்கிறது?

தலைமையாசிரியர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். பாடத்தைத் தாண்டியும் இருப்பவற்றை நான் குறித்துக்கொண்டேன்.

வானவில் மன்றம்: 2022 நவம்பர் 28-ம் தேதி திருச்சியில் தொடங்கப்பட்ட திட்டம். மாநிலம் முழுக்க 13,000-க்கும் அதிகமான அரசுப் பள்ளிகளில், 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கானது. இதற்கென இருக்கும் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு பள்ளிக்கே வந்து அறிவியல், கணிதச் செய்முறைகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், பலூனும் பாட்டிலும் வைத்து நுரையீரல் எப்படி விரிகிறது என்று எங்களுக்குச் செய்து காட்டினான். பாப்பா கண் கொட்டாமல் பார்த்தாள்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகம்: உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இருந்த கம்ப்யூட்டர் லேப் இப்போது நடுநிலைப் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது.

திறன் திட்டம்: 2025-26 கல்வியாண்டில் தொடங்கியது. ஆறாம் வகுப்புக்கு வந்தும் தமிழ், ஆங்கிலம் வாசிப்பதிலோ கணக்கிலோ திணறும் பிள்ளைகளைக் கண்டறிந்து தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்தபோது தொடக்க வகுப்பில் இருந்த பிள்ளைகள் பலர் இன்னும் அந்த இடைவெளியோடுதான் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையை அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தால் கூச்சப்படாதீர்கள். ‘எதில் பின்தங்கியிருக்கிறாள்?’ என்று கேட்டு, வீட்டிலும் தினம் கால் மணி நேரம் வாசிக்க வையுங்கள்.

இவை தவிர ‘தேன்சிட்டு’ இதழ், கலைத் திருவிழா, சிறார் திரைப்படங்கள், நூலகப் பாடவேளை என்று பட்டியல் நீள்கிறது.

பட்டியலில் ஒரு குறையும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது நம் திருவள்ளூர் மாவட்டத்தின் கீழச்சேரியில்தான், 2024 ஜூலை 15-ம் தேதி. ஆனால், அது 1 முதல் 5 வரை படிப்பவர்களுக்கான திட்டம். ஆறாவதுக்குப் போனதும் மதியச் சத்துணவு தொடரும். காலைச் சாப்பாடு கிடைக்காது. அம்மாவும் அப்பாவும் காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் சிப்காட் பக்கத்து வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. ஆறாவது சேர்க்கும் பெற்றோர் ஜூன் மாதத்திலிருந்தே காலைச் சாப்பாட்டுக்கு வழிசெய்து வையுங்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு பரிசு!

பலருக்கும் தெரியாமலே போவது என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதுவது. தேர்வானால் 9 முதல் 12 வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய், நான்கு வருஷத்துக்கு மொத்தம் 48,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது. நாடு முழுக்க ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு. தமிழ்நாட்டின் பங்கு 6,695.

அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில் படிப்பவர்கள் மட்டுமே எழுத முடியும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவிகித மதிப்பெண் (பட்டியல், பழங்குடி மாணவர்களுக்கு 50) எடுத்திருக்க வேண்டும். இரண்டு தாள்கள்: யோசிக்கும் திறனுக்கு 90 கேள்விகள், பாடத்திலிருந்து 90 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம்.

எண் தொடர், படத் தொடர் மாதிரியான கேள்விகள் முதல் தாளில் வரும். அதற்குப் பழக்கம் வேண்டும். எட்டாம் வகுப்பில் விண்ணப்பம் போடும்போது யோசிக்காமல், ஏழாம் வகுப்பிலேயே பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினால் நல்லது.

பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியவை

இத்தனை இருந்தும் மாமாவின் கேள்வி அப்படியே நின்றது. திட்டம் எல்லாப் பள்ளிக்கும் பொதுதான்; நம் பள்ளியில் அது ஒழுங்காக நடக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ள, கல்வி உரிமைச் சட்டம் சொல்வதையே கேள்விகளாக மாற்றிக்கொண்டேன்.

1. 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்கிறாரா? அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர் உண்டா? (35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி.)

2. வருஷத்துக்கு 220 வேலைநாள், 1,000 மணி நேரப் பாடம் என்பது சட்டம். ஆசிரியர்கள் வேறு வேலைகளுக்குப் போகும் நாளில் வகுப்பை யார் பார்க்கிறார்கள்?

3. போன வருஷம் என்.எம்.எம்.எஸ். எத்தனை பேர் எழுதினார்கள்? யார் பயிற்சி கொடுத்தார்கள்?

4. ஆங்கிலவழிப் பிரிவு இருக்கிறதா? (பல ஒன்றியப் பள்ளிகளில் இருக்கிறது. நாமாகக் கேட்டால்தான் தெரியும்.)

5. எட்டு முடித்தவர்கள் எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள்? போகாமல் நின்றவர்கள் யார்?

எங்கள் பள்ளியில் நான்கு கேள்விகளுக்கு நல்ல பதில் வந்தது. ஆங்கிலவழிப் பிரிவும் இருந்தது. அது அக்காவுக்கே தெரியாது! ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சரியில்லை: சமூக அறிவியலுக்கு ஆசிரியர் இடம் காலி. தலைமையாசிரியர் மறைக்காமல் சொன்னார். “பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சேர்ந்து தீர்மானம் போட்டுக் கொடுங்க. நாங்க எழுதுறதோட அதுவும் போனா வலு.” அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பதும், பாதிப் பேர் பெண்கள் என்பதும் சட்டம். அக்கா இதுவரை ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை.

பக்கத்து வீட்டுப் பையன்

திரும்பி வரும்போது, லைன் வீட்டு வாசலில் பதினோரு வயசுப் பையன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். “ஸ்கூல் போகலையா?” என்றால் சிரிக்கிறான். கையில் டி.சி. இல்லை, தமிழும் தெரியாது, வருஷமும் பாதியில் என்று அவன் அப்பா தயங்கியிருக்கிறார். உண்மையில் இதில் ஒன்றுகூடத் தடை இல்லை. டி.சி., பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவோ, தாமதமாக வந்ததற்காகவோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். இதுவும் கல்வி உரிமைச் சட்டம்தான். கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை பக்கம் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு பக்கத்து வீடு கட்டாயம் இருக்கும். அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வழி தெரியாவிட்டால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

அன்று ராத்திரி மாமா முடிவைச் சொன்னார். பாப்பா அதே பள்ளியில் ஆறாவது, ஆங்கிலவழிப் பிரிவு. ஃபீஸுக்கு வைத்திருந்த காசில் கொஞ்சம் எடுத்து அகராதியும் கதைப் புத்தகங்களும். மிச்சம் அஞ்சலகத்தில் அவள் பேரில். “சமூக அறிவியல் வாத்தியார் வரலைன்னா உன்னத்தான் கேப்பேன்” என்று என்னிடம் ஒரு மிரட்டல் வேறு.

ஒரு விஷயம். உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் இந்த ஐந்து கேள்விகளுக்கும் மோசமான பதில் வந்தால், நீங்கள் வேறு முடிவு எடுப்பதில் தப்பே இல்லை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுங்கள். என்னை மாதிரி டீ குடிக்கும் அவசரத்தில் பதில் சொல்பவர்களை நம்பி எடுக்காதீர்கள்.

போன வாரம் அக்காவிடமிருந்து மறுபடியும் ஒரு வாய்ஸ் மெசேஜ். “டேய் தம்பி, மேலாண்மைக் குழு கூட்டமாம். போறேன். அந்த அஞ்சு கேள்வியயும் எழுதி அனுப்பு!”

அனுப்பிவிட்டேன். உங்களுக்கும்தான்.