வேலை போனால் வீசா என்னாகும்?



கடந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியது. மகள் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வீட்டம்மா அவளை வேண்டாமென்று ஏஜென்சியில் கொண்டுபோய் விட்டுவிட்டார். வேறு வீடு பார்த்துத் தருவதாகச் சொல்லி அங்கே இருக்க வைத்திருக்கிறார்கள். "வேலையும் இல்ல, ஊருக்கும் விட மாட்டேங்கிறாங்க. அக்காமா இன்னும் அந்த வீட்டுக்காரர் பேர்லதான் இருக்காம். நாங்க யார்கிட்டப் போய்க் கேக்குறது?" என்று எழுதியிருந்தார். அக்காமா என்பது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை.

அவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதல்ல. 2022இல் இலங்கையே நொடிந்து கிடந்தபோது, அந்த ஒரே ஆண்டில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். மா, அரிசி விலையைப் பார்த்துவிட்டு லயத்துக்கு லயம் பிள்ளைகள் கிளம்பினார்கள். இன்றும் கிளம்புகிறார்கள். புறப்படுமுன் சம்பளம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், போன் வைத்துக்கொள்ள விடுவார்களா என்றெல்லாம் ஏஜென்டிடம் விசாரிக்கிறோம். இடையில் வேலை போனால் அந்த நாட்டில் நாம் யார் என்று மட்டும் கேட்பதில்லை.

வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணியாளருக்குக் கிடைக்கும் வீசா, அவரை வரவழைத்த கஃபீலோடு, அதாவது எஜமானோடு, கட்டப்பட்டது. அந்த வீட்டு வேலை முடிந்தால் அங்கே தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். இதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி. கட்டார் 2020இல் சட்டத்தை மாற்றியது. எஜமானின் தடையில்லாக் கடிதம் இல்லாமலேயே அங்கு வேலை மாறலாம்; வீட்டுப் பணியாளருக்கும் இது பொருந்தும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒரு மாத முன்னறிவித்தல், அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வீசாவை ரத்துச் செய்த பிறகு, வேறு வேலை தேடவோ ஊர் திரும்பவோ சலுகை நாட்கள் உண்டு. அவை முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம். ரத்துச் செய்த தாளிலேயே கடைசித் திகதி இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இல்லாததால் மாதக் கணக்கில் தண்டம் ஏறிப்போனவர்கள் பலர்.

சவூதியில்தான் சிக்கல் அதிகம். 2021 மார்ச்சில் தொழிலாளர் வேலை மாறுவதை அங்கே எளிதாக்கியபோது வீட்டுப் பணியாளர்களை அதில் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் தனி விதிகள். மூன்று மாதச் சம்பளம் கொடுக்காதது, பொய்ப் புகார் கொடுத்தது போன்ற காரணங்களை நிரூபித்தால் எஜமானின் சம்மதமின்றியே வேறு வீட்டுக்கு மாறலாம். ஆனால் முறையிட வேண்டிய இடம் தெரிய வேண்டும், கையில் ஆதாரம் வேண்டும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஒரு குழியில் விழுகிறார்கள். ஒரு பெண் சம்பளமும் இல்லாமல் ஓய்வும் இல்லாமல் பொறுத்துப் பார்க்கிறாள். ஒருநாள் விடியற்காலையில் துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறாள். தெரிந்த ஒரு அக்காவின் அறையில் தங்குகிறாள். அன்று மாலையே எஜமான் தன் கைத்தொலைபேசியில், ஆள் ஓடிவிட்டாள் என்று பதிந்துவிடுகிறார். அதற்கு ஹுரூப் என்று பெயர். அதன் பிறகு, சம்பளம் கேட்க வேண்டிய அவளே சட்டத்தை மீறியவளாகிறாள். வீதிச் சோதனையில் பிடிபட்டால் தர்ஹீல் எனப்படும் நாடு கடத்தும் முகாம்தான். அதே பெண் நேராக நமது தூதரகத்துக்குப் போயிருந்தால் அங்குள்ள பாதுகாப்பு இல்லத்தில் தங்கியபடி முறைப்பாடு செய்திருக்கலாம். துணிப்பை அதேதான். போன இடம்தான் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த வீடு கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று ஏஜென்சிக்காரரே மணிக்கணக்கு வேலைக்கு அனுப்புவதுண்டு. வீசா ஒருவர் பெயரில் இருக்க, வேறொருவர் வீட்டில் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் அனுப்பியவருக்கு என்ன நடக்குமோ, போனவளுக்கு நிச்சயம் கஷ்டம். ஆகவே புதிய எஜமான் பெயருக்கு வீசா மாறிய பிறகே வேலைக்குப் போக வேண்டும். "பேப்பர் பின்னால வரும்" என்ற பேச்சை ஏற்கவே கூடாது.

இதையெல்லாம் எழுதும்போது நம் பாட்டன் பாட்டி காலம் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1921 வரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் துரை கையால் துண்டுச் சீட்டு வாங்க வேண்டும். கங்காணி கூட்டிவந்த ஆட்களின் கடன் தொகை அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் பழைய தோட்டம் ஆட்களை விடும். கடனும் ஆளோடு சேர்ந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும். இன்று வீட்டு வேலைக்குப் பெண் அனுப்பும்போது ஏஜென்ட் வீட்டாரிடம் முற்பணம் கொடுக்கிறார். அவள் பாதியில் திரும்ப நினைத்தால் "கொடுத்த காசை வை" என்கிறார். நூறு வருடங்களுக்கு முன் நம்மைக் கட்டிப்போட்ட அதே முடிச்சு இது. அதனால் முற்பணம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேலையோடு தங்கும் உரிமை முடிந்துபோவதும் நமக்குப் புதிதல்ல. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அவர்களில் அப்போது வேலையில் இருந்தவர்கள் திருப்பி அனுப்பப்படும் நாள்வரை அல்லது 55 வயதுவரை, எது முந்தியதோ அதுவரைதான் வேலையில் தொடரலாம் என்று அதில் எழுதினார்கள். பிறந்து வளர்ந்த மலையிலேயே நம்மவர்கள் அப்படித் தவணை குறித்த மனிதர்களாக இருந்தார்கள். குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கதை முழுதாக முடியவில்லை. இத்தனையும் பட்ட சமூகம், தன் பிள்ளையை விமானம் ஏற்றும்போது வீசாவின் விதியை அறியாமல் அனுப்பலாமா?

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கடவுச்சீட்டு, வீசா, ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த தாள் எல்லாவற்றின் பிரதியும் வீட்டில் ஒரு கோப்பில் இருக்கட்டும். அக்காமா கிடைத்ததும் அதன் இருபக்கப் படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எஜமானின் பெயர் அதில் இருக்கும். அங்கே அவளுடைய போன் பறிபோனாலும் இங்கிருந்து நீங்கள் முறையிட அது உதவும். சப் ஏஜென்ட் பெயரோடு நின்றுவிடாமல், அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனத்தின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். வேலை போய்விட்டது என்று பிள்ளை சொன்ன அன்றே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுங்கள். பிரதேச செயலகத்திலும் இதற்கென ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். ஏஜென்ட் "ஒரு வாரம் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய ஒரு வாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

விசிட் வீசாவில் வீட்டு வேலைக்குப் போகவே வேண்டாம் என்பது என் மன்றாட்டம். 2022 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்த ஓமான் ஆட்கடத்தல் விவகாரத்தில் நம் நாட்டுப் பெண்கள் பலர் அப்படித்தான் கொண்டுபோகப்பட்டார்கள். பணியகத்தில் பதிவு இல்லை, அதனால் காப்புறுதியும் இல்லை. அப்படிப் போனவருக்கு வேலை மாறுவது என்ற பேச்சே கிடையாது. தொடக்கத்திலிருந்தே வேலை வீசா இல்லையே.

புறப்படுமுன் கொடுக்கும் பயிற்சியில் வொஷிங் மெஷின் பாவிக்கவும் நாலு அரபுச் சொல் பேசவும் பழக்குகிறார்கள். தேவைதான். கஃபீல் கைவிட்டால் முதல் நாள் எங்கே போவது, எந்த இலக்கத்துக்கு எடுப்பது என்பதை அதே கண்டிப்போடு, தமிழில், கற்பிக்க வேண்டும். இதைத் தோட்டங்களில் உள்ள தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சைப் போலவே கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அங்கே எஜமான் மாறி, வீசாவை முறையாக மாற்றி, நல்லபடியாக வேலை முடித்துத் திரும்பிய சகோதரிகள் ஹட்டனிலும் நோர்வூட்டிலும் தலவாக்கலையிலும் இருக்கிறீர்கள். எந்த அலுவலகத்துக்குப் போனீர்கள், என்ன தாள் கேட்டார்கள், எத்தனை நாள் பிடித்தது என்பதை எங்களுக்கு எழுதுங்கள். எழுத வராவிட்டால் குரல் பதிவாக அனுப்புங்கள். பெயர் போடாமல் வெளியிடுகிறோம். அடுத்த இதழில் இதற்கென்றே நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்