காபிக்கு யார் பூணூல் போட்டது?

‘ஐயர் காபி’ என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம், தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆய்வு செய்யும் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது. 15ஆம் நூற்றாண்டில் இரவு வழிபாட்டில் கண்விழிக்க அதைக் குடித்தவர்கள் ஏமனின் சூஃபிகள். 1791இல் கிளர்ந்தெழும்வரை உலகக் காபியில் ஏறத்தாழப் பாதியை விளைவித்தவர்கள் இன்றைய ஹைட்டியின் கறுப்பின அடிமைகள். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் காட்டுவழியே கண்டியின் காபித் தோட்டங்களுக்கு நடந்தவர்கள், வழியிலேயே செத்து விழுந்தவர்கள், பெரும்பாலும் நம் சேரி மக்கள். அவர்கள் விட்டுச்சென்ற சேரிகளுக்குத்தான் ஊர்க்கடைகள் தனிக்குவளை வைத்தன.

1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் ‘பிராமணாள்’ பலகையை எதிர்த்து மறியல் செய்து சிறை சென்றார்கள் பெரியாரின் தொண்டர்கள். அதே பலகை இன்று ‘பாரம்பரியம்’ என்று திரும்பியிருக்கிறது. காபியை ரசிப்போம் தோழர்களே, பலகையை இறக்கச் சொல்லிவிட்டு.