நகையை அடகு வைக்கும் முன் நாலு பக்கம் எழுதிப் பாருங்கள்!

கேள்வி: ‘‘போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன். பி.காம். முடித்த என் மகன், மலையில் பச்சைக்காய் வாங்கி, உலர்த்தி இருப்பு வைத்து, விலை ஏறியதும் விற்கலாம் என்கிறான். முதலுக்கு என் நகையைக் கேட்கிறான். தொழில் கற்றுக்கொள்ள நல்ல புத்தகம் இருக்கிறதா?’’
- வாசகி, மேலச்சொக்கநாதபுரம்.

பதில்: சகோதரி, மகனின் ஆசையில் தவறில்லை. ஆனால், நகைக்கு முன்னால் ஒரு நோட்டைக் கொடுங்கள்.

வேதாளம் கதையை முடித்துவிட்டுத்தான் கேள்வி கேட்கும். கதையின் நடுவிலேயே நம்மைக் கேட்கும் புத்தகங்களும் உண்டு. ‘விற்பதென்றால் 2-ம் பக்கம், வைத்திருப்பதென்றால் 3-ம் பக்கம்’ என்று வழி பிரியும். அமெரிக்காவில் எட்வர்டு பேக்கார்டு 1979-ல் எழுதிய சிறுவர் கதை ஒன்று இந்த வகையைப் பிரபலமாக்கியது. தொழில் பழகவும் இந்த முறை உதவும். ஏலக்காய்க்கான புத்தகத்தை நீங்களும் மகனும் சேர்ந்தே எழுதலாம்.

பக்கம் 1: 500 கிலோ பச்சைக்காய் வாங்கி உலர்த்தினால், சுமார் 100 கிலோ உலர்காய் நிற்கும். காய் விலை, உலர்த்தும் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகைக்கடன் வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாய்.

பக்கம் 2: உடனே விற்பது. லாபம் குறைவாக இருக்கலாம். வட்டி ஓடாது.

பக்கம் 3: நான்கு மாதம் வைத்திருந்து, கிலோவுக்கு 200 ரூபாய் ஏறுகிறது. வரவு 20,000. வட்டி 8,000 போக, கையில் 12,000.

பக்கம் 4: அதே நான்கு மாதத்தில் 200 ரூபாய் இறங்குகிறது. நஷ்டம் 20,000. வட்டியும் சேர்ந்தால் 28,000.

ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவுதான். ஆனால் கிடைப்பது 12,000, போவது 28,000. மகன் 3-ம் பக்கத்தை மட்டும் மனதில் எழுதி வைத்திருக்கிறார். 4-ம் பக்கத்தை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்ட்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. ‘இன்னும் ஏறும்’ என்று கடன் வாங்கி இருப்பு வைத்தவர் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இன்னும் சில பக்கங்களைச் சேருங்கள். மழையில் உலர்த்த இடம் கிடைக்காவிட்டால்? ஈரம் 10 சதவிகிதத்துக்கு மேல் நின்று பூசணம் பிடித்தால்? வெளிச்சம் பட்டுப் பச்சை நிறம் மங்கினால்? (கறுப்பு பாலித்தீன் உள்ளுறை போட்ட சாக்கில் வைப்பது நல்லது.) நறுமணப்பொருள் வாரியத்தின் வியாபாரி உரிமம் வாங்கும் வேலைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

புத்தகத்தில் தோற்றால் முதல் பக்கத்துக்குத் திரும்பலாம். அடகுக் கடையில் அந்த வசதி இல்லை. எழுதி முடித்த பிறகும் மகன் உறுதியாக இருந்தால், கடன் இல்லாமல் 50 கிலோ பச்சைக்காயில் தொடங்கட்டும். சுமார் 10 கிலோ உலர்காய் வரும். அதைத் தரம் பிரிக்க, காயைத் தொட்டதும் ரகம் சொல்லும் உங்கள் கை இருக்கிறது. உங்கள் வீட்டின் முதல் மூலதனம் அதுதான். அதை யாரும் அடகு கேட்க முடியாது.