கமரா முதலில் போகட்டும்

துறைமுகத்தில் நின்று கொட்டியாரக் குடாவுக்கு அங்கால பார்த்தால் மூதூர்ப் பக்கம் தெரியும். அதுக்கும் தெற்கே சேருவில. அங்கே நிலத்துக்குக் கீழே செம்பும் மக்னடைட்டும் இருக்கிறதை 1971 இல் கண்டுபிடித்தார்கள். சுரங்கம் இன்னும் வரவில்லை. வந்தால் வேலை கிடைக்கும் என்று எங்கட ஆட்கள் சொல்லுறாங்க. நாங்களும் அதுக்கு எதிரில்லை. ஆனால் ஒரு கேள்வி: வெடி வைத்த பிறகு உள்ளே முதலில் போவது யார்?

சுரங்கத்தில் பாறையை உடைப்பது பாதி வேலைதான். எப்படி உடைந்தது என்று பார்ப்பது மிச்சப் பாதி. துண்டுகள் பெரிதாக விழுந்தால் திரும்பவும் உடைக்கவேணும். கூரையில் கழன்ற பாறை தொங்கினால் எந்த நேரமும் விழலாம். அதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி, ஒருவர் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது. கணீரென்றால் உறுதி, பொத்தென்றால் ஆபத்து. தட்டுகிறவர் நிற்பதும் அதே கூரைக்குக் கீழேதான்.

இப்போ லேசர் பொருத்திய ட்ரோன், ஜிபிஎஸ் கிடைக்காத இருட்டிலும் பறந்து அந்தக் குகையை அளந்து வரும். வெடிக்கு முன்னும் பின்னும் அளந்ததை ஒப்பிட்டால், தேவைக்கு மேல் எங்கே உடைந்தது என்று தெரியும். குவியலின் படத்தை வைத்துக் கணினி துண்டுகளின் அளவைக் கணக்கிடும். ஆனால் படம் காட்டுவது பாறையின் மேற்பரப்பைத்தான். உள்ளே ஏறுகிற அழுத்தத்தை அறிய அதிர்வு உணரிகளும் வேணும்.

கோலார் தங்கவயல் எங்களுக்குச் சொல்லும் பாடமும் அதுதான். 3 கிலோமீற்றருக்கும் ஆழமான அந்தச் சுரங்கத்தில் ஏராளமான தமிழர்கள் இறங்கினார்கள். அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்துப் பலர் செத்தார்கள். பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988 இல் அங்கே தொடங்கியபோது சுரங்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 2001 இல் மூடியே விட்டார்கள்.

செலவு கூட, எங்கட நாட்டுக்குச் சரிவராது என்பார்கள். செலவு உண்மைதான். ஆனால் போகலையிலும் கஹட்டகஹவிலும் காரீயத்துக்காக இன்றைக்கும் ஆட்கள் நிலத்துக்குக் கீழே இறங்குகிறார்கள். இது அவர்களுக்கு இன்றைய கேள்வி.

நாங்கள் கேட்பது இரண்டுதான். படம் எடுக்காமல் ஆளை அனுப்பக்கூடாது என்பது சுரங்க அனுமதிப் பத்திரத்திலேயே இருக்கவேணும். அந்தப் படம் முகாமையாளரின் கணினியோடு நிற்காமல், உள்ளே போகிறவருக்கு விளங்குகிற மொழியில் அவர் கைக்கு வரவேணும்.

சேருவிலவில் சுரங்கம் வருமோ தெரியாது. வந்தால், இதைப் பிறகு பார்ப்பம் என்று விடக்கூடாது.